வகுத்திக்குக் கீழே

உமாசுதன் கேத்தலை அடுப்பில் வைக்கிறான். காலைச் சாப்பாட்டுக்குப் பாண் ரொட்டியை வெட்டுகிறான். ஏழு துண்டுகள். கடற்கரை ரயில் வெள்ளவத்தையைக் கடக்கிறது. யன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்குகிறது. வெள்ளைச் சீருடையில் மகள் மிதுனா மேசையடியில் இருக்கிறாள். இன்று அவளுக்குக் கணிதப் பரீட்சை. கொப்பியில் ‘காரணி’ என்ற தலைப்பின் கீழ் அவள் அம்மா சுபோதினியின் சிவப்புப் பேனை எழுத்து நிறைந்திருக்கிறது. அடுத்த பக்கத்தில் ‘வகுத்தி’ என்ற தலைப்பு மட்டும் இருக்கிறது. அதை எழுதிய அன்று பின்னேரம்தான் சுபோதினியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பி வரவில்லை. “அப்பா, ரெண்டும் ஒண்டுதானே?” “இல்லையம்மா. இந்தப் பாணை ரெண்டு பேருக்குப் பிரி.” “ஆளுக்கு மூண்டு. ஒண்டு மிஞ்சும்.” “ரெண்டால பிரிச்சனி, அப்ப ரெண்டு வகுத்தி. ஆனா ரெண்டு ஏழின்ட காரணி இல்லை. ஒண்டும் மிஞ்சாட்டித்தான் காரணி.” “சரியோ? போனமுறை நீங்கள் சொல்லித் தந்துதானே எனக்குக் கணக்குப் பிழைச்சது.” மிதுனா அந்தத் தலைப்பின் கீழ் வெறும் தாளில் பென்சிலால் எழுதுகிறாள். கேத்தல் கொதிக்கிறது. மிஞ்சிய துண்டு தட்டில் கிடக்கிறது. அன்று ஆஸ்பத்திரி வார்ட்டு வாசலில், தள்ளுகட்டிலில் படுத்தபடி சுபோதினி கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்: “வகுத்தியை நான் வந்து சொல்லிக் குடுக்கிறன். நீங்கள் பிள்ளையைக் குழப்பிப்போடாதேங்கோ.”