ஐஸ் பெட்டிக்கு வழி

திருக்கோகர்ணத்தில் பஸ் நின்றது நின்றதுதான்.

முன்னால் அம்மன் கோயில் மது எடுப்பு ஊர்வலம். நெல் நிரப்பிய குடங்களில் தென்னம்பாளையைச் செருகித் தலையில் ஏந்தியபடி பெண்கள் ரோட்டை அடைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். சாமி காரியம். ஹாரன் அடித்தால் டிரைவருக்குத்தான் அடி விழும்.

என் மடியில் ஐஸ் பெட்டி.

"என்ன, மீன் பெட்டியா? தண்ணி ஒழுகுது பாரும்மா. அங்கிட்டுத் தள்ளி வை" என்றார் கண்டக்டர்.

மீன் இல்லை. காலையில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில், மூட்டு மாற்று ஆபரேஷனில் வெட்டியெடுத்த தேய்ந்த குருத்தெலும்பு. அதைச் சொன்னால் பெட்டியோடு என்னையும் இறக்கிவிடுவார். தலையை ஆட்டி வைத்தேன்.

அதில் இன்னும் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டிக் குட்டி அடுப்புகள். மூட்டில் அழற்சி வந்தால் அடுப்பு புகையும், பிறகு அணையும், செல் சாகும். அந்த அடுப்பை அணையாமல் காக்குமா என்று ஒரு மருந்தைத் திருச்சி லேபில் சோதிக்கிறேன். செல்கள் உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் சோதனை. போன தடவை பஸ் பஞ்சராகி அத்தனையும் செத்துப்போயின.

இப்போதும் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இந்த மூட்டுக்குச் சொந்தக்காரர் வருஷம் தவறாமல் மது எடுத்தவர். இந்த வருஷம் குடத்தைத் தொட முடியவில்லையே என்று அழுதார். அதற்கு மேல் சொல்லக் கூடாது. கொடுத்தவர் யார் என்பதை வெளியே விடக் கூடாது என்பது ஆய்வின் விதி. அவருக்கு மயக்கம் தெளியும்வரை நிற்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். அது வேறு உறுத்திக்கொண்டே இருந்தது.

பொறுக்க முடியாமல் இறங்கினேன். கூட்டத்தைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் ஆட்டோ கிடைக்கும்.

வழி விடச் சொல்லிக் கெஞ்சினேன். ஒருவரும் திரும்பவில்லை.

கை வலித்தது. பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தேன்.

கூட்டம் தானாக விலகியது. மது எடுப்பில் தலைச்சுமையோடு வருகிற பெண்ணை யாரும் மறிப்பதில்லை. ஒரு பெரியம்மா எனக்கும் சேர்த்துக் குலவையிட்டார். ஐஸ் தண்ணீர் நெற்றியில் வழிந்தது. ஆத்தா மன்னிக்கட்டும் என்று நடந்தேன்.

பாதிக் கூட்டத்தில் போன் அடித்தது. என் தம்பி கார்முகில், ஆஸ்பத்திரியிலிருந்து.

"அக்கா, அம்மா கண்ணு முழிச்சிருச்சு. காலப் பத்திக் கேக்கவே இல்ல. பெட்டி பத்திரமாப் போய்ச் சேந்துச்சான்னுதான் கேக்குது."

குலவைச் சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும். ஒரு கையால் பெட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"மது எடுப்புல போய்க்கிட்டிருக்குன்னு சொல்லுடா."