மொட்டைப் பந்தல்

ரோலர் கோஸ்டரின் கடைசி வளைவைத் திராட்சைப் பந்தல் போட்டு மறைத்தது வின்சென்டுக்குப் பிடிக்கவே இல்லை. கம்பம் ஊருக்கு வெளியே இருந்த அந்தச் சின்னப் பூங்காவில் வண்டியைக் கிளப்பி நிறுத்துகிறவன் அவன்தான். தண்டவாளம் முழுக்கக் கண்ணில் படவேண்டும் என்பது அவன் கட்சி.

"எங்கன போறோம்னு தெரிஞ்சா யாருக்குப்பா பயம் வரும்?" என்றார் முதலாளி சுருளிராஜன். திராட்சை விவசாயி அல்லவா, கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடியை ஏற்றிவிட்டார். வண்டி இலைக்குள் புகுந்து மறைந்து மறுபக்கம் வந்தது. கூட்டமும் வந்தது.

கவாத்துக் காலம் வந்ததும் இது தோட்டமல்ல என்பதே அவருக்கு மறந்துபோனது. ஆள் விட்டுக் கொடியை வெட்டினார். பந்தல் மொட்டையாக நின்றது. வளைவு முழுவதும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

அன்று மாலை வின்சென்ட் தன் மனைவி எஸ்தரை முதல்முறையாக ஏற்றிவிட்டான். "பயப்படாத. இங்கன நின்னு ஒன்னயப் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

வண்டி பந்தலுக்கு அடியில் போனது. தண்டவாளம் தெரிந்தது. வண்டியைக் காணவில்லை. அலறல் சத்தமும் இல்லை.

வழக்கமான நேரத்துக்கு வண்டி மறுபக்கம் வந்து நின்றது. வண்டியில் இருந்த எல்லோர் தலையிலும் பச்சை இலை ஒட்டியிருந்தது. எஸ்தரின் உதடு கறுத்திருந்தது. மடி நிறையப் பன்னீர் திராட்சை.

"எறங்கு எஸ்தர்," என்றான் வின்சென்ட்.

அவள் வண்டியின் பிடிகம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. "இன்னொரு சுத்து விடுங்க. இன்னும் பறிச்சு முடிக்கல. அங்கன காத்துக்கிட்டு இருக்காக."