நகராத மேஸ்திரி

மேஸ்திரியின் இரண்டு பாதங்களிலும் பசை தடவி, தரையோடு அழுத்திப் பிடித்தார் பல் டாக்டர்.

“இனிமே நீ எங்கயும் நகர முடியாதுடா!” என்றார் சந்தோஷமாக.

மேஸ்திரியின் உயரம் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அவரைச் சுற்றி அதே உயரத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், பெட்டி அடுக்குகிறவர்கள், கிரேன் ஓட்டுகிறவர். அறையின் நான்கு பக்கமும் வளைந்து வரும் மேசைமேல் டாக்டர் ஆசை ஆசையாகக் கட்டிய பொம்மைச் சரக்கு ரயில் நிலையம் அது. நடுவில் அவர் நின்று வண்டி ஓட்ட ஓர் இடம். கதவை மறிக்கும் மேசைப் பலகையைக் கழற்றி மாட்டித்தான் உள்ளே போய்வருவார்.

அந்தப் பலகையில்தான் தண்டவாளம் சரியாகச் சேராமல் வண்டி தினமும் கவிழ்ந்தது.

“ஒரேயடியா ஒட்டிடுங்களேன்” என்று மனைவிதான் நேற்று நல்ல கெட்டிப் பசையாக வாங்கி வந்தாள். இன்று காலையில் தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் அவர் காலடியிலேயே கொண்டுவந்து வைத்தாள். இத்தனை வருஷம் கழித்தாவது தன் ரசனை அவளுக்குப் புரிந்ததே என்று டாக்டர் உருகிப்போனார்.

பலகையை ஒட்டி, அதன்மேல் மேஸ்திரியையும் ஒட்டியாயிற்று. சரக்கு வண்டி அலுங்காமல் ஒரு சுற்று வந்தது. கைதட்டிவிட்டு வெளியே போகத் திரும்பியவர் அப்படியே நின்றார். வழி எங்கே?

சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். எத்தனையோ பேரை நாற்காலியில் சாய்த்து அசையவிடாமல் வைத்தவர், இப்போது பொறியில் மாட்டிய எலியாக முழித்தார். பலகையை ஆட்டிப் பார்த்தார். அது கல் மாதிரி இருந்தது. கீழே நுழைய முட்டி மடங்காது. மேலே ஏறினால் தொழிலாளிகள் நசுங்கிப்போவார்கள். அத்தனை பேருக்கும் சட்டைக்கு நிறம் தீட்டியது அவருடைய மகள்.

அந்த மகள் அவரோடு முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகிறது. அவள் விரும்பிய பையன் பேச வந்தபோதெல்லாம், “அவசர கேஸ்” என்று பின்வாசல் வழியாக நழுவியவர் அவர். பையன்மேல் குறை ஒன்றுமில்லை. சரி என்று சொல்லிவிட்டால் பெண் போய்விடுவாளே என்ற பயம்தான்.

“இந்தா, கொஞ்சம் இங்க வாயேன்!”

மனைவி வந்து பார்த்தாள். சிரிக்கவில்லை.

“மாட்டிக்கிட்டேன்டி. ரம்பத்தோட வரச் சொல்லி கார்பென்டருக்குப் போன் போடு. வெளிய யார்கிட்டயும் சொல்லிடாத, மானம் போயிடும்.”

அவள் கூடத்துக்குப் போய்த் தணிந்த குரலில் போன் பேசிவிட்டு வந்தாள்.

“தெருமுனைக்கு வந்தாச்சாம்.”

“அதுக்குள்ளயா? கெட்டிக்காரன்தான்!”

அழைப்பு மணி அடித்தது. டாக்டர் பசை அப்பிய பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு அறைவாசலைப் பார்த்தார். வந்து நின்ற இளைஞன் கையில் ரம்பம் இல்லை. அவனுக்குப் பின்னால் மகள் நின்றிருந்தாள்.

“கூச்சப்படாம உள்ள வாங்க தம்பி” என்றாள் மனைவி. “இன்னிக்கு இவரு எங்கயும் நகர முடியாது.”