நீல மைக் கையெழுத்து

"இது பச்சைப் பித்தலாட்டம்!"

வெர்னா சர்ச்சின் வருகைப் பதிவேட்டைப் படீரென்று மூடினாள். சாவியோடு வந்து கதவைத் திறந்துவிட்ட யூர்கோ, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இருபது மைல் சுற்றளவில் மிச்சமிருக்கும் மூன்று விவசாயக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று.

வெர்னாவும் கணவன் கிளிஃபர்டும் பத்து நாளாகக் கனடாவின் சஸ்காட்செவன் சமவெளியில் காரில் சுற்றுகிறார்கள். ஆளில்லாத ஊர்கள், இடிந்த தானியக் கிடங்குகள், பூட்டிய பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றையும் படம் பிடித்து வரலாறு எழுதுகிறாள் அவள்.

கடைசியாக வந்த இந்த ஊர் அவள் பிறந்த ஊர். அதை அவள் யூர்கோவிடம் வாய் திறந்து சொல்லவில்லை. பதினேழு வயதில் போனவள், பிப்ரவரியில் அம்மா செத்தபோதுகூட வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாள்? ஊர் பார்க்க வந்தவள் போலக் கல்லறையைப் பார்த்து, மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்திருந்தாள். யூர்கோ பிறகு நிலம் வாங்கிக் குடிவந்தவர். அவருக்கு அவளைத் தெரியாது.

"வருஷா வருஷம் ஈஸ்டர் கழிச்சு, கல்லறை மந்திரிக்கிற ஞாயிறு. வெளியூர்க்காரங்க கையெழுத்துப் போடுற இடத்துல, நீங்க இப்பத் தேதி போட்ட அதே நீல மை, அதே கையெழுத்து, ஒன்பது வருஷம்! நீங்க எழுதினதுதானே?"

"ஆமா."

"கூச்சமே இல்லாம ஆமாங்கிறீங்க! வராத ஆளை வந்ததா எழுதலாமா? நாளைக்கு என்னை மாதிரி ஒருத்தி இதை நம்பிச் சரித்திரம் எழுத மாட்டாளா?"

"விடேன் அம்மணி" என்றான் கிளிஃபர்ட். "உன் சரித்திரத்தைப் படிக்கப் போறதே நானும் அச்சுக்காரனும்தான்."

"நீங்க சும்மா இருங்க. யார் பேர் இது? எனக்குப் படிக்க வரல."

உக்ரேனிய எழுத்து. வீட்டுப் பேச்சு காதில் விழுந்ததோடு சரி, எழுதப் படிக்க அவள் கற்றுக்கொள்ளவே இல்லை.

"எதுக்கு மேடம்? செத்தவங்க சமாச்சாரம்."

"படிங்க!"

யூர்கோ கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"'வாசில் மெல்னிக் மகள் வெர்னா. வான்கூவரிலிருந்து வந்தேன். அப்பா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினேன்.' ஒன்பது வருஷமும் இதேதான். வேற மாதிரி எழுத எனக்கு வராது."

கிளிஃபர்ட் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெர்னா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"வாசில் சம்சாரம் பராஸ்கா அத்தை முதியோர் இல்லத்துல கிடந்தாங்க. அந்த ஞாயிறு முடிஞ்சு பார்க்கப் போனா ஒரே கேள்விதான். 'என்னைப் பார்க்க வேண்டாம் யூர்கோ, அவ அப்பாவைப் பார்க்கவாவது வந்தாளா?' எத்தனை தடவைதான் இல்லைன்னு சொல்றது? ஒரு வருஷம் இதை எழுதி, கொண்டுபோய்க் காட்டினேன். அவங்களுக்கு இந்த எழுத்து ஒண்ணுதான் படிக்கத் தெரியும்."

அவர் பெருமூச்சு விட்டார்.

"அந்தப் புண்ணியவதி, பெத்தவளைப் புதைக்கக்கூட வரல. இந்த வருஷம் நான் எழுதல. எழுதி யாருக்குக் காட்டறது?"

 வெர்னாவுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் போக முடியவில்லை. அம்மா சந்தோஷமாகவாவது செத்திருக்க வேண்டுமே!

"அந்த அம்மா... அதை நம்பினாங்களா?"

யூர்கோ பதிவேட்டை வாங்கி, அட்டையைச் சட்டைக் கையால் துடைத்தார்.

"முதல் வருஷமே தடவிப் பார்த்துட்டுச் சொன்னாங்க. 'என் பொண்ணுக்கு நம்ம எழுத்து ஒண்ணுகூடத் தெரியாதே யூர்கோ... பரவாயில்ல, அடுத்த வருஷமும் எழுதிட்டு வா.'"