மூலையில் குமிழ்கள்

ராஜகுமாரியின் பனவடலிசத்திரம் தோட்டத்துக் கிணற்றை மண்போட்டு மூடிவிட்டார்கள். சங்கரன்கோவிலில் சின்னச் சின்ன மாடல்கள் செய்யும் பிரின்ஸிடம், அந்தக் கிணறு அப்படியே மாடலாக வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

அவன் மாடல் கிணற்றுக்குள் தண்ணீருக்குப் பதிலாக, பச்சை நிறம் கலந்த ரெசின் பசையை ஊற்றி, லைட்டர் தீயைக் காட்டிக் குமிழ்களை உடைத்தான். மறுநாள் ரெசின் கல்லாக இறுகியிருந்தது. ஆனால் ஒரு மூலையில் மட்டும் குமிழ்கள் வந்துகொண்டே இருந்தன. ஊசியால் குத்தினான், ஊசிதான் வளைந்தது.

வாங்க வந்த ராஜகுமாரி குனிந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீச்சல் பழகையில இடுப்புல கட்டுன கேன் அவுந்து எந்தம்பி இந்த மூலையிலதான் முங்குனான்."

"ரெசின்ல சில நேரம் இப்படி வரும்மா..."

"இல்ல, மூச்சு விடுதான். ஒடைங்க, சீக்கிரம்!"

பிரின்ஸ் சுத்தியலைத் தேடி எடுத்து ஓங்கினான். அதற்குள் குமிழ்கள் நின்றிருந்தன.