நகக்கண்ணில் ஒரு துணுக்கு
நிறைமாதத் தங்கை ஆசையாய் நெஞ்சோடு அணைத்திருக்கும் ஆப்பிள் சாறு எந்த வகை என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. கடையின் குளிர்ப்பெட்டி வெளிச்சத்தில் இரண்டு வகை நிற்கின்றன: சூடேற்றிக் கிருமி நீக்கியது ஒன்று, கிருமி நீக்காததால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்ற எச்சரிக்கைச் சீட்டோடு மற்றொன்று. இந்தப் பாட்டிலில் சீட்டே இல்லை. நீர்த்துளிகளுக்கு நடுவே சதுரமாய்ப் பசை மட்டும் பிசுபிசுக்கிறது. "சீட்டு எங்கேண்ணே?" "ஈரத்துல தானா உரிஞ்சிருக்கும்மா. சீட்டையா குடிக்கப் போறீங்க?" சிரிக்கிற கடைக்காரரின் நகக்கண்ணில் வெள்ளைக் காகிதத் துணுக்கு ஒட்டியிருக்கிறது. தங்கை மூடியைத் திருகுகிறாள். அக்கா கையைப் பிடிக்கிறாள். "ஒரே ஒரு வாய்தான்க்கா!" "பொறுடி, வீட்டுல கொதிக்க வச்சு ஆத்தித் தர்றேன்." தளதளவென்று கொதித்துவிட்டால், உரிந்தது விலைச்சீட்டோ எச்சரிக்கைச் சீட்டோ, கிருமி பிழைக்காது.