காரமில்லாத படையல்

இசக்கிமுத்து இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவனுக்குப் படைப்பதற்காக, அயர்லாந்தில் அவன் வாழ்ந்த வீட்டில், மனைவி தமயந்தி காலையிலேயே ஸ்லோ குக்கர் என்கிற, மெதுவாக வேகவைக்கும் மின்சாரச் சட்டியில் ஐரிஷ் ஸ்டியூ வைத்துவிட்டாள். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வெளிறிய சாற்றில் சத்தமில்லாமல் வெந்துகொண்டிருந்தன. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த மாமியார் வடிவம்மை கண்ணாடி மூடி வழியே எட்டிப் பார்த்தாள். சீக்காளிக்கு ஊற்றுகிற கஞ்சிபோல இருந்தது.

“என்னட்டி இது? எம்மவன் இதையா திம்பான்?”

“இதைத்தான் கேட்டுக் கேட்டுச் சாப்ட்டாரு, அத்தை. வயித்துப்புண்ணு வந்த பொறவு காரமே சேக்கல. உங்ககிட்ட சொல்லலியா?”

வாரம் தவறாமல் போனில் பேசியவன் அதை மட்டும் சொல்லவேயில்லை. வடிவம்மை மிளகாய்ப் பொடி தேடி அலமாரியைத் திறந்தாள். ஊரிலிருந்து அவள் வறுத்து அரைத்து அனுப்பிய பாக்கெட்டுகள் அத்தனையும் பிரிக்கப்படாமல் அங்கே கிடந்தன.

“உப்புக்கும் உறைப்புக்கும் ஏங்க வச்சே அவனக் கொன்னுட்டியேட்டி!”

ஒரு பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டு அவள் குக்கரை நெருங்கினாள். தமயந்தி இரண்டு கைகளாலும் சுடுகிற மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“கைய எடுட்டி.”

“எடுக்க மாட்டேன். அவருக்குப் பிடிச்சத அவரு சாப்பிடட்டும்.”

வடிவம்மை பாக்கெட்டை அப்படியே கவிழ்த்தாள். சிவப்புப் பொடி மருமகளின் புறங்கையில் கொட்டி, விரலிடுக்குகளில் இறங்கி, கண்ணாடியை மூடியது. நெடி இருவர் கண்ணிலும் ஏறியது. தமயந்தி கையை எடுக்கவில்லை. கண்ணீர் வழிய வழிய, வடிவம்மை அடுத்த பாக்கெட்டைக் கிழித்தாள்.